பதினோரு படிக்கு ஒரு கைப்பிடி

என் அக்காவின் கணவரை அலுவலகத்தில் எல்லோரும் மூலைமட்டம் என்றுதான் சொல்வார்கள். சுவர் திரும்புகிற இடம் சரியாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கும் கருவி அது. கோணல் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. டீ கொண்டுவந்து வைத்தால், தட்டை மேசை ஓரத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் குடிப்பார். கல்யாணமான புதிதில் அக்கா என்னிடம், "படுக்கை விரிப்புக்குக்கூட ஸ்கேல் வெச்சுப் பாக்கறாருடா" என்று குறைபட்டுக்கொண்டாள். அன்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகம் அது. அவர் அங்கே டிராஃப்ட்ஸ்மேன். நான் பின்னறையில் பிரிண்ட் எடுப்பவன். அவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார். மாமா மையால் வரைந்த டிரேசிங் ஷீட்டை நான் அமோனியா மெஷினில் விட்டு, நீலக் கோடுகளாகப் பிரிண்ட் எடுத்து வேலை நடக்கும் இடங்களுக்கு அனுப்புவேன். நாள் முழுக்கக் கண் எரியும், மூக்கு ஒழுகும். செத்துப்போன அப்பாவை நினைத்து நான் இன்னும் அழுகிறேன் என்று அண்டை வீட்டுக்காரர் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு ஷீட்டின் வலது கீழ் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று வரி. முதல் வரியில் தன் பெயரின் இரண்டு எழுத்தைப் போடுவதற்கு முன் மாமா பேனா முனையைத் துடைப்பார், கையைத் துடைப்பார், ஒரு தடவை ஷீட் முழுவதையும் மேலிருந்து கீழே பார்ப்பார். அதற்கப்புறம்தான் எழுதுவார்.

"கட்டடத்துல நம்ம பேரை எவனும் எழுதப்போறதில்ல மாப்ளே. இந்த மூலையிலாவது இருக்கட்டும். முப்பது வருஷமா வரையறேன், என் கோட்டால ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல" என்பார்.

இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வேறு எதற்கும் வந்து நான் பார்த்ததில்லை.

அலுவலகத்தை ஆரம்பித்த பெரிய சார், பெட்டி பெட்டியாகக் கட்டியவர். அலங்காரம் என்பதே பொய் என்பார். நேர்ச் சுவர், தட்டைக் கூரை, ஒரே அளவு ஜன்னல். அவர் கட்டிய குடியிருப்பில்தான் நான் இருந்தேன், அதனால் யாரும் எனக்கு அதைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டாம். நாற்பது வீட்டுக்கும் ஒரே கதவு, ஒரே நிறம். மேல்மாடிக்காரர் மாதம் இரண்டு தடவையாவது எங்கள் பூட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நிற்பார். குடிக்கிற ஆள் இல்லை அவர், பள்ளிக்கூட எழுத்தர். கூரையில் மழைத் தண்ணீர் குளம் கட்டும், வெயிலில் உள்ளே வெந்துபோவோம். குடியிருக்கப் போகிறவனை ஒரு வார்த்தை கேட்டுக் கட்டவேண்டும் என்று பெரிய சாருக்குத் தோன்றியதே இல்லை.

அவர் இறந்ததும் வெளிநாட்டில் ஏழு வருடம் படித்துவிட்டு அவர் மகன் வந்தார். சின்ன சார். வந்த முதல் வாரமே எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசினார். பின்நவீனத்துவம் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே உண்மை கிடையாது, அதனால் எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே கட்டடமும் கிடையாது என்றார். மனிதனுக்கு ஞாபகம் உண்டு, விளையாட்டு உண்டு. பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும் என்றார். பழைய தூணையும் வளைவையும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் மாதிரி நம்பி எடுக்கக் கூடாது, பார்க்கிறவனைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே எடுக்க வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது மாமாவிடம், எப்படி என்று கேட்டேன்.

"பாதி சரி மாப்ளே. உன் வீட்டுக் கதவை நெனச்சுப் பாரு."

"மீதிப் பாதி?"

"அது இன்னும் புரியல. புரிஞ்சதும் சொல்றேன்."

உண்மையைச் சொன்னால், அந்த முதல் ஒரு வருடம் மாமா சந்தோஷமாகத்தான் இருந்தார். வளைவுகள் வரைய ஆரம்பித்தார். நேர்க்கோட்டைத் தவிர எதையும் சீண்டாத மனிதர், ஒரு ஜன்னலுக்கு மேல் புருவம் மாதிரி ஒரு வளைவைப் போட்டுவிட்டு என்னைப் பின்னறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார்.

பிறகு சின்ன சார் ஷீட்டின் மூலையில் கைவைத்தார். கட்டடமும் ஓர் எழுத்துதான், எழுத்துக்கு எழுதியவன் முக்கியமில்லை, படிப்பவன்தான் முக்கியம். ஆகவே பெயர்கள் வேண்டாம் என்றார். மூன்று வரியும் போய் அலுவலகச் சின்னம் மட்டும் வந்தது. அந்தச் சின்னத்தில் அவர் பெயரின் முதலெழுத்து இருந்தது வேறு விஷயம்.

கூப்பிடாமல் யார் அறைக்கும் போகாத மாமா அன்று தானாகப் போனார். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"மத்ததை எடுத்துடுங்க சார். வரைந்தவர் மட்டும் இருக்கட்டும். ரொம்ப வருஷப் பழக்கம்."

சின்ன சார் சிரித்தார். "அது ஒரு பழைய நம்பிக்கை. உங்களுக்கு வேணும்னா வெச்சுக்குங்க."

என்னவோ வரம் வாங்கி வந்தவர் மாதிரி மாமா வெளியே வந்தார். அன்றிலிருந்து எங்கள் அலுவலக ஷீட்டுகளில் ஆள் பெயர் என்று இருந்தது அவருடைய இரண்டு எழுத்து மட்டும்தான்.

அப்புறம்தான் நகராட்சி நூலகம் வந்தது. ரோஸ் நிறச் சுவர். மேற்கூரையிலிருந்து தொங்கி, தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிடும் தூண்கள். அரண்மனை முகப்பு மாதிரி ஒன்று, நடுவில் வேண்டுமென்றே பிளந்தது. உள்ளே நுழைந்ததும் கூடத்தின் நடுவில் அகலமாகப் பதினோரு படிகள். ஏறினால் மொட்டைச் சுவர். சுவரில் பாதி திறந்த மாதிரி ஒரு கதவு, பெயின்டில் வரைந்தது. மாடிக்குப் போகும் உண்மையான படிக்கட்டு இடது பக்கம் ஒரு வளைந்த சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

மாமா அந்தப் பதினோரு படிக்கும் இரண்டு பக்கமும் கைப்பிடி வரைந்தார். கம்பி கம்பியாக, ஒவ்வொன்றுக்கும் அளவு போட்டு. நான் ஒரு பிரிண்ட் எடுத்தேன். அதை அனுப்புவதற்குள் சின்ன சார் மாமாவின் மேசைக்கு வந்துவிட்டார்.

"இது என்ன?"

"கைப்பிடி சார். ஒரு ஆள் உயரம் இருக்கு. ரெண்டு பக்கமும் தொறந்து கிடக்கு."

"கைப்பிடி போட்டா இது படிக்கட்டு ஆயிடும். இது படிக்கட்டு இல்ல. படிக்கட்டைப் பத்தி நாம சொல்ற ஒரு விஷயம்."

"ஏறுறவங்களுக்கு அது தெரியுமா சார்?"

சின்ன சார் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டே நான் பார்த்ததில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. "ஏறிப் பாத்துட்டு சிரிச்சுட்டு எறங்குவாங்க. அதுக்குத்தான் கட்டறோம்" என்று சொல்லி, மேசை மேல் இருந்த பிளேடை எடுத்து மாமாவின் கையிலேயே கொடுத்தார். மையால் வரைந்ததை அழிக்க வேறு வழி இல்லை, பிளேடால்தான் சுரண்ட வேண்டும். மாமா கைப்பிடியைக் கம்பி கம்பியாகச் சுரண்டினார். அரை நாள் ஆனது.

பழைய பிரிண்டுகளைக் கிழித்துப் போடுவதுதான் அலுவலக விதி. ஆனால் தாள் கெட்டியாக இருக்கும் என்பதால் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம். பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடுவோம், அலமாரித் தட்டில் விரிப்போம். கைப்பிடி போட்ட அந்த ஒரே பிரிண்ட் அப்படித்தான் என் வீட்டு அலமாரியில், துண்டுகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

சுரண்டி முடித்த ஷீட்டில் மாமா அந்தப் படிகளை மறுபடி சீர்செய்தபோது ஒரு காரியம் செய்தார். படிக்கட்டு வரைந்தால் அதன் மேல் ஓர் அம்புக்குறி போட்டு, "மேலே" என்று எழுதுவது எந்த டிராஃப்ட்ஸ்மேனுக்கும் கையோடு வந்த பழக்கம். படி எந்தப் பக்கம் உயர்கிறது என்று கட்டுகிறவனுக்குச் சொல்வதற்காக. படிக்கட்டில் போகிறவனுக்கு அதனோடு சம்பந்தமே இல்லை. முப்பது வருடத்தில் ஆயிரம் படிக்கட்டுக்குப் போட்ட அம்பை இதற்கும் போட்டுவிட்டார். யோசித்துப் போடவில்லை. கை போட்டது.

நூலகத்துக்குப் பலகைகள் செய்த ஆள், எந்த அறைக்கு என்ன பெயர் என்று எங்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் எழுதினார். வாசிப்பறை, அலுவலகம், கழிப்பறை. கூடவே பளபளவென்று பித்தளையில் ஓர் அம்புக்குறியும் "மேலே" என்ற சொல்லும். அதை முதல் படிக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பத்தில் பொருத்திவிட்டுப் போய்விட்டார்.

திறப்புக்கு முந்தின நாள் மதியம் நாங்கள் போனபோதுதான் பார்த்தோம். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"இது என் தப்பு சார். நான் ஷீட்டுல போட்டதை அப்படியே பலகையாப் பண்ணிட்டாங்க. கழட்டச் சொல்லிடுங்க."

சின்ன சார் பலகையைப் பார்த்தார், படியைப் பார்த்தார், சுவரில் இருந்த பெயின்ட் கதவைப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "யாருமே வைக்கல, தானா வந்திருக்கு. நானே ஒக்காந்து யோசிச்சிருந்தாலும் இதைவிட நல்லா வராது. இருக்கட்டும்."

இருந்தது. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் முழுப் பக்கத்துக்குப் படம் வந்தது. சின்ன சார் மூன்றாவது படியில் நிற்கிறார், பக்கத்தில் "மேலே". இந்தப் பலகையை வைத்தவர் எவருமில்லை, கட்டடம் தன்னைத்தானே எழுதிக்கொண்டது என்று கட்டுரையில் அவர் எழுதியிருந்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். மாமா தொடவில்லை.

அதற்கப்புறம் இரண்டு தடவை கழட்டச் சொல்லிக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். வாட்ச்மேன் விடவில்லை. "நான் வரைஞ்சதுதான்ப்பா, தப்பா வரைஞ்சுட்டேன்" என்று கெஞ்சியிருக்கிறார். "அதைத் தொட்டா என் வேலை போயிடும் சார்" என்றிருக்கிறார் வாட்ச்மேன். திரும்பி வரும்போது மழை. என் வீடுதான் பக்கம் என்று சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார்.

"அலமாரியில துண்டு இருக்கு, எடுத்துக்குங்க மாமா" என்றேன் சமையலறையிலிருந்து.

ரொம்ப நேரமாகியும் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், துண்டுகளைக் கட்டில் மேல் வைத்துவிட்டு அலமாரித் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தன்னுடைய கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு. பிரிண்டின் ஓரம் கோணலாகக் கிடந்தது. அதைத் தட்டின் ஓரத்துக்கு நேராக இழுத்துவிட்டு, துண்டுகளை மறுபடி அடுக்கினார்.

பதினான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கணக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் வந்தார். இரண்டு கையிலும் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகங்கள். மாடியில் கொடுக்க வேண்டும் என்று வாசலில் சொல்லியிருக்கிறார்கள். படிப்பவர்தான் முக்கியம் என்றாரே சின்ன சார், அந்தப் படிப்பவர் வந்தே விட்டார். "மேலே" என்று படித்தார். பதினோரு படியும் ஏறினார். சுவரை முட்டியதும் திரும்பினார், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, பக்கவாட்டில் விழுந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார்.

நகராட்சி விசாரணைக் குழு போட்டது. மூன்று பேர், ஒரு நீள மேசை. சின்ன சார் அமைதியாகப் பேசினார். அந்தப் பலகை தன் வடிவமைப்பில் கிடையாது என்றார். வரைபடத்தில் சேர்த்தது வரைவாளர் என்றார். ஒரு பொய்கூட இல்லை. பத்திரிகையில் எவருமில்லை என்று எழுதிய மனிதருக்கு, குழுவின் முன் ஆள் அகப்பட்டுவிட்டார், அவ்வளவுதான். டிரேசிங் ஷீட்டைக் கொண்டுவந்து விரித்தார்கள். மூலையில் ஒரே ஒரு வரி, அதில் ஒரே ஒரு ஆளின் இரண்டு எழுத்து. வாட்ச்மேனும் வந்து, இவர் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார், தன் தப்பு என்று தானே ஒப்புக்கொண்டார் என்று சாட்சி சொன்னார்.

"அம்பு என் தப்புதான்" என்றார் மாமா. "ஆனா நான் கைப்பிடி போட்டிருந்தேன் சார். எடுக்கச் சொன்னாங்க. ஷீட்டைச் சாய்ச்சுப் பாருங்க, சுரண்டின தடம் தெரியும்."

சாய்த்துப் பார்த்தார்கள். தடம் தெரிந்தது. அங்கே என்ன இருந்தது என்று தடத்தை வைத்துச் சொல்ல முடியாதே என்றார் தலைவர். பிரிண்ட் எடுப்பவரைக் கூப்பிடுங்கள் என்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் சின்ன சார் என்னை அறைக்கு அழைத்து, ஒன்றுமே கேட்காமல், "உங்க பொண்ணு எத்தனாவது படிக்கறா?" என்று மட்டும் விசாரித்திருந்தார்.

"சுரண்டறதுக்கு முன்னால எடுத்த பிரிண்ட் ஏதாவது இருக்கா?"

மாமா என்னைப் பார்த்தார். எதையும் கேட்கிற பார்வை இல்லை அது. பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பவர் மாதிரி நின்றார்.

"இல்ல சார். புதுசு வந்ததும் பழசைக் கிழிச்சுடுவோம். அதான் ரூல்."

இரண்டு பேருக்கும் வேலை போனால் இரண்டு குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும், நான் ஒருவனாவது இருந்தால்தான் அக்காவுக்கும் துணை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் அக்கா வீட்டுக்கு மாதாமாதம் என்னால் ஆனதைச் செய்தேன். நல்ல தம்பி என்று பேர் வாங்கினேன். பயந்தாங்கொள்ளி என்பதற்கு இவ்வளவு நல்ல பேர் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வரைவாளரின் கவனக்குறைவால் ஓர் உயிர் போனது என்று அறிக்கை சொன்னது. பேப்பரிலும் வந்தது, முழுப் பெயரோடு. அந்தப் பெயர் முழுதாக அச்சில் வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். வேலை போயிற்று. அக்கா தெருவில் போனால் பேச்சு நின்றுபோகும். சின்ன சார் பலகையைக் கழட்டினார், படிக்குக் கைப்பிடி போட்டார், கைப்பிடி போட நேர்ந்ததைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார்.

மாமா அதன்பின் ஒரு தச்சுப் பட்டறையில் அலமாரிகளுக்கு அளவெடுத்துக் கொடுத்தார். எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு தடவை என் வீட்டில் கை கழுவிவிட்டு, துண்டு எடுக்க நான் அலமாரியைத் திறந்தபோது என் பின்னால் நின்று சொன்னார்:

"அமோனியா பிரிண்ட் வெளிச்சம் பட்டா மங்கிடும் மாப்ளே. இருட்டுலயே இருக்கட்டும்."

குரலில் கோபம் துளியும் இல்லை. ஓங்கி ஓர் அறை கொடுத்திருக்கலாம், நானும் அழுது தொலைத்திருப்பேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

ஆறு வருடம் கழித்து மாமா போய்ச் சேர்ந்தார். அதற்கு அடுத்த வருடம் நான் ஓய்வுபெற்றேன். ஓய்வுபெற்ற மறு வாரம் பிரிண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பறிபோவதற்கு இனி வேலை இல்லை, அதனால் போனேன்.

சாப்பாட்டு மேசையில் விரித்தேன். இத்தனை வருடத்துக்கு ஒரு கோடுகூட மங்கவில்லை. அக்காவுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தப் பதினோரு படி தெரியும். கைப்பிடியின் மேல் விரலை வைத்துக் கீழிருந்து மேலே வரை மெதுவாகக் கொண்டுபோனாள். பிறகு மூலையில் இருந்த இரண்டு எழுத்தைத் தொட்டாள்.

"இது எப்போலேர்ந்து உன்கிட்ட இருக்கு?"

"அப்போலேர்ந்தே."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

விரலை எழுத்திலிருந்து எடுத்தாள். "நீ வர்றேன்னு சொன்னா, காத்து வர்ற பக்கமா நாற்காலியைப் போடச் சொல்வாரு. அவனுக்குக் கண்ணெல்லாம் எரியும் பாவம்னு" என்றாள்.

நான் தலை நிமிரவில்லை. அக்கா எழுந்து போய் நாலு ஆணி எடுத்து வந்தாள். தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், வெயில் நேராக விழுகிற இடத்தில் பிரிண்டை வைத்துப் பிடித்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கலாம், அவ்வளவு தெளிவாக இருந்தது.

"அங்க வெயில் அடிக்கும்க்கா. ரெண்டே மாசத்துல மங்கிடும்."

"மங்கட்டும்" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "நாலு பேர் பாத்துட்டு மங்கட்டும். இந்தா, நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லு."